அட்ரஸ் சிஸ்டர்

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைசியில் ஒப்புக்கொண்டால் ஏதோ பெரிய மனசு பண்ணியதுபோல ஆகிவிடும். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் பெங்களூர் விவேக் நகரில் ஒரு நர்சிங் ஹோமின் ரிசப்ஷனில் இருந்தேன். மூன்று மாடி, பதினெட்டுப் படுக்கை, மனசு வந்தால் மட்டும் மேலே போகும் ஒரு லிஃப்ட். வியாழக்கிழமை பக்கத்துக் கிறிஸ்தவக் கோவிலுக்கு வரும் கூட்டத்தில் கால்வாசி, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேராக எங்கள் வாசலுக்கு வந்துவிடும். ஒரு கையில் ஜெபமாலை, இன்னொரு கையில் பழைய ரிப்போர்ட். பெயர், வயது, விலாசம், கடைசியாகத் தூரமான தேதி, இவ்வளவையும் ஃபாரத்தில் எழுதுவது என் வேலை. விலாசத்தில் நான் கொஞ்சம் கறார். 'ஆஸ்டின் டவுன்' என்று மட்டும் சொல்லிவிட்டு யாரும் என்னிடமிருந்து தப்ப முடியாது. எத்தனையாவது கிராஸ், எந்தக் கடைக்கு எதிரே, மாடியா கீழா என்று பிடுங்கி எழுதிவிட்டுத்தான் உட்காரச் சொல்வேன்.

அவள் ஸ்கேன் அறையில் நர்ஸ். நான் வெளியே கேட்கிற விலாசத்தை அவள் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால்தான் 'அட்ரஸ் சிஸ்டர்'. எக்ஸ்ரே அறைக்காரரிலிருந்து காண்டீன் அம்மா வரைக்கும் எல்லோரும் அந்தப் பெயரை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். அவள் காதுக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொண்டோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிஜப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இப்போது ஏதோ ஒரு குளிர் தேசத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று கேள்வி. இரண்டு முறை நம்பர் மாறிவிட்டது. ஊரெல்லாம் எங்கே எங்கே என்று கேட்டவளின் விலாசம் என்னிடமே இல்லை. இதை அவளிடம் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஒல்லி, நெட்டை. அப்போது இருபத்தெட்டு வயது, என்னைவிட ஒன்பது வயது சின்னவள். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். விடிவதற்குள் ஏறி, நாலு பேர் சீட்டில் ஏழாவது ஆளாக இடுக்கி உட்கார்ந்து, கண்டோன்மென்ட்டில் இறங்கி, அங்கிருந்து பஸ். அந்த ரயில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதாலோ என்னவோ, மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. ஸ்கேன் அறைக் கதவு சாத்தியிருந்தாலும் அவள் கேட்கும் கேள்வி என் கவுண்டருக்கு வந்து சேரும்.

கேள்வி ஒன்றுதான். "எங்க?"

தலைவலி என்றால் எங்க. மூச்சு வாங்குகிறது என்றால் எங்க வரும்போது. ஒருநாள் பதினோரு மணிக்கு, பசிக்கிறது என்று சும்மா சொல்லிவைத்தேன். "எங்கக்கா பசிக்குது, வயித்துலயா வாயிலயா?" என்றாள். வாயில்தான் பசித்தது. எனக்குக் கோபம் வந்தது.

ஆனால் அந்தக் கேள்வியின் முழு வேகமும் ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது. நம் பெண்கள் கர்ப்பம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'தங்கியிருக்கு' என்பார்கள். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும். அந்த மலர்ச்சியின் மேல்தான் அவள் கேள்வி போய் விழும்.

"தங்கியிருக்கு சிஸ்டர்!"

"சந்தோஷம்மா. எங்க தங்கியிருக்கு?"

ஒரு பெண் பாவம், கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஈஜிபுராவுல, எங்க அத்தை வீட்ல" என்றாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கிற குரலில் விளக்கினாள்.

"அத்தை வீட்ல நீ தங்கியிருக்க. கரு எங்க தங்கியிருக்கு? அது கர்ப்பப்பைக்குள்ள தங்கணும். சில சமயம் வர்ற வழியில குழாய்லயே ஒக்காந்துக்கும். குழாய் எவ்ளோ தெரியுமா, நூடுல்ஸ் மாதிரி. அங்க வளர எடம் கிடையாது. வளந்தா வெடிக்கும். அதான் எங்கன்னு பாக்கணும்ன்றேன். பயப்படாத, நூத்துல தொண்ணூத்தெட்டுப் பேருக்கு மேல சரியான எடத்துலதான் இருக்கும். மீதிப் பேரு யாருன்னு நெத்தியில எழுதலயே."

ஈஜிபுராப் பெண்ணுக்குச் சரியான இடத்தில்தான் இருந்தது. போகும்போது எனக்கு மட்டும் டாட்டா காட்டிவிட்டுப் போனாள்.

ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம் என்ற போர்டுக்குக் கீழேயே நின்றுகொண்டு, மாமியார்கள் அவள் காதைக் கடிப்பார்கள். "எதுன்னு மட்டும் சொல்லிடும்மா." அதற்கும் அவளிடம் பதில் உண்டு. "எதுன்னு கேக்காதீங்க ஆன்ட்டி. எங்கன்னு கேளுங்க, சொல்றேன்." அந்த மாமியார்கள் அதற்குப் பிறகு என்னிடம் வந்து, அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரியா என்று விசாரிப்பார்கள். இல்லை என்று நான் அடித்துச் சொன்னதில்லை.

இந்த 'எங்க' அவளுக்கு எங்கே ஒட்டிக்கொண்டது என்று ஒரு மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபடி கேட்டேன். அவளுடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாகியும், மகள் வீடு திரும்பும் ரயில் எந்த ஸ்டேஷனில் இருக்கிறது என்று தெரியாமல் சாப்பிட உட்கார மாட்டாராம். "மாலூர் தாண்டிட்டேன்பா", "பங்காரப்பேட்டைல நிக்குதுப்பா" என்று அவள் போனில் சொல்லிக்கொண்டே போகவேண்டும்.

"பத்திரமா இருக்கேன்பான்னு சொன்னா அவருக்குப் போதாதுக்கா. உள்ள ஒரு ஆளு மாட்டிக்கினா, உசுரோட இருக்கான்னு தெரிஞ்சி இன்னா பண்றது? எந்த மட்டத்துல இருக்கான்னு தெரிஞ்சாதான போய்த் தூக்கினு வர முடியும்? அதையே சொல்லிச்சொல்லி வளத்துட்டாரு" என்றாள். பிறகு என் பாக்ஸைப் பார்த்து, "கத்திரிக்காய் எங்க வாங்குனீங்க?" என்று கேட்டாள்.

பொம்மனஹள்ளிப் பெண் வந்தது அந்த வருஷம்தான். கார்மென்ட்ஸில் தைக்கிறவள். வீட்டிலேயே டெஸ்ட் பண்ணி இரண்டு கோடு பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஸ்கேனில் கர்ப்பப்பை காலி. கூட வந்த புருஷன், "ஒண்ணும் இல்லேன்னு வந்துடுச்சு, வா போலாம்" என்று எழுந்துவிட்டான்.

"ஒண்ணும் இல்லேன்னு யாரு சொன்னது?" என்று இவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "உள்ள தெரியலன்னுதான் சொன்னோம். ஒண்ணு, இது ரொம்ப ஆரம்பம். இல்ல, கலைஞ்சி போயிருக்கு. இல்ல, வேற எடத்துல ஒக்காந்திருக்கு. மூணுல எதுன்னு தெரியாம எங்கண்ணா கெளம்புறீங்க?"

ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்தார்கள். கர்ப்பத்தில் ஏறுகிற ஒரு ஹார்மோன் இருக்கிறது. சரியான இடத்தில் வளரும் கருவென்றால் அந்த இரண்டு நாளில் அது நன்றாக ஏறவேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஏறினதும் ஏறாததுமாக இருந்தது. மறுபடி ஸ்கேனில், வலது குழாயில் சின்னதாகத் தெரிந்தது. வெடிக்கவில்லை, வலி அதிகமில்லை, ரத்தத்தில் அளவும் குறைவு. அதனால் ஆபரேஷன் வேண்டாம், ஊசி போதும் என்றார் எங்கள் டாக்டரம்மா. கருவை மேற்கொண்டு வளரவிடாமல் நிறுத்தும் ஊசி. ஆனால் ஊசியோடு கதை முடியாது. நாலாம் நாள் ரத்தம், ஏழாம் நாள் ரத்தம், பிறகு அளவு பூஜ்யத்துக்கு வரும்வரை வாராவாரம் ரத்தம்.

ஏழாம் நாள் அந்தப் பெண் வரவில்லை. போன் போட்டால், "வலியே இல்ல சிஸ்டர், சரியாயிடுச்சு. சூப்பர்வைசர் லீவு குடுக்கல" என்றாள்.

"எங்க இருக்க?" என்று கேட்டாள் இவள். அன்றைக்கு என் விலாசக் கறார் முதல் தடவையாக அவளுக்குப் பயன்பட்டது. எத்தனையாவது கிராஸ், எந்த மாவு மில்லுக்குப் பின்னால் என்பது உட்பட ஃபாரத்தில் இருந்தது. டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, எடுக்கிற ரத்தம் கெடாமலிருக்க மதியச் சாப்பாட்டுப் பையில் ஐஸைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அங்கே போய்ப் பார்த்தால் அந்தப் பெண் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறாள். போதாததற்கு, கர்ப்பமென்று தெரிந்தவுடன் மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ஃபோலிக் மாத்திரையைச் சத்துக்காகத் தினமும் விழுங்கிக்கொண்டிருக்கிறாள். அந்த ஊசி வேலை செய்யவேண்டுமென்றால் அந்த மாத்திரை உள்ளே போகவே கூடாது. குடத்தை இறக்கிவைத்து, மாத்திரையைப் பிடுங்கி, ரத்தம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அளவு போதிய அளவுக்கு இறங்கியிருக்கவில்லை. இரண்டாவது ஊசி போடவேண்டி வந்தது. அதன் பிறகு இறங்கியது, வாராவாரம், படிப்படியாக. கடைசி ரிப்போர்ட் வந்த அன்று அதை என் மேஜையில் தட்டி, "பூஜ்யம்க்கா! எழுதுங்க" என்றாள். அதற்கு ஃபாரத்தில் இடமே இல்லை என்றேன். என் பேனாவை வாங்கி, விலாசத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்டு, கோழிமுட்டை சைஸில் ஒரு பூஜ்யம் போட்டாள். பூஜ்யம் வாங்கியதற்காக எல்லோருக்கும் மைசூர்பாக் கொடுத்த ஒரே ஆள் அந்தப் பொம்மனஹள்ளிப் பெண்தான்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் நான் டாக்டரம்மாவிடம் போய்ப் புகார் செய்தேன். அதுதான் நான். சந்தோஷமாக வருகிறவர்களை வாசலிலேயே கலக்குகிறாள், நம் பெயர் கெடுகிறது என்றேன். டாக்டரம்மா கன்னடக்காரர், நல்ல தமிழ் பேசுவார், நடுவில் இரண்டு கன்னட வார்த்தை தாளித்துக்கொட்டுவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நீங்க அட்ரஸ் இல்லாம யாரையாச்சும் அட்மிட் பண்ணுவீங்களாம்மா?"

"மாட்டேன் மேடம்."

"அவளும் அஷ்டே. அவ்வளவுதான்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டு வாரம் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, அதுவேறு எரிச்சல்.

இனி என் கதை.

எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்பது வருஷம். குழந்தை இல்லை. என் வீட்டுக்காரர் வைட்ஃபீல்டில் ஆபீஸ் பஸ்களை அனுப்பும் வேலையில் இருந்தார். ஊரெல்லாம் பஸ் நேரத்துக்கு வரவைக்கிறவர் வீட்டில் ஒன்று மட்டும் வரமாட்டேன் என்கிறது என்று அவரே கேலி செய்வார். பிறகு அவரே மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொள்வார். கோடு பார்க்கும் அட்டை எத்தனை வாங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எல்லாவற்றிலும் ஒரே ஒரு கோடுதான். கடைசியில் வாங்குவதையே நிறுத்திவிட்டேன். ஒற்றைக் கோட்டைப் பார்ப்பதைவிடப் பார்க்காமல் இருப்பது சுலபம்.

அந்த மாதம் பத்து நாள் தள்ளிப்போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு கொஞ்சம் பட்டது. காப்பி டிகாஷன் நிறத்தில், ஒன்றரை நாள். சரி, வந்துவிட்டது என்று வழக்கம்போல் அழுதுவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டு, காலண்டரில் தேதியைச் சுழித்துவைத்தேன். தினமும் ஐம்பது பெண்களிடம் அந்தத் தேதியைக் கேட்டு எழுதுகிறவள், என் சொந்தத் தேதியைத் தப்பாக எழுதினேன். தலைக்குக் குளித்துவிட்டால் கணக்கு முடிந்தது என்றுதானே நாமெல்லோரும் வளர்ந்திருக்கிறோம்.

அடுத்த வாரம் இடது பக்க அடிவயிற்றில் பிடித்துப்பிடித்து இழுத்தது. பெங்களூரில் கழுத்துக்குக் கீழே எது வலித்தாலும் கேஸ்ட்ரிக்தான். வீட்டுக்காரர் இஞ்சி சோடா வாங்கி வந்தார். குடித்தேன். புதன்கிழமை ராத்திரியே தொடங்கிய இடது தோள் வலி வியாழக்கிழமை காலையிலும் விடவில்லை. அதற்கும் என்னிடம் காரணம் தயாராக இருந்தது. நாள் முழுக்க ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறவளுக்குத் தோள் வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும்? கவுண்டரில் உட்கார்ந்தபடியே தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிரே கோவில் கூட்டம் நின்றுகொண்டிருந்தது.

ஃபைல் வாங்க வந்தவள் தைல வாசனையில் நின்றாள்.

"எங்கக்கா வலிக்குது?"

"தோளு. போன் பேசிப்பேசி."

"தோள்ல எங்க?"

"ஏய், தோள்னா தோள்தான். வேலையப் பாரு."

"நுனியிலயா? படுத்தா ஜாஸ்தியாவுதா?"

படுத்தால்தான் அதிகமாயிற்று. ராத்திரி தலையணையை உயர்த்திவைத்துக்கொண்டுதான் தூங்கியிருந்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எப்ப குளிச்சீங்க?"

"போன வாரம். அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடு."

"எத்தன நாளு பட்டுச்சு? எப்பவும் போலவா? இன்னா கலர்ல?"

வரிசையில் இருந்த இருபது பேர் காதிலும் விழுகிறது. ஒன்பது வருஷமாக நான் பொத்திப்பொத்தி வைத்திருந்ததை அவள் மைக் வைத்துக் கேட்கிறாள். என்னை அப்படியே நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போனாள். எழுந்து அவளைத் திட்டலாம் என்று பார்த்தேன். எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

யூரின் டெஸ்ட் பண்ணினாள். அட்டையை என் முன்னால் வைத்தாள்.

இரண்டு கோடு.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு கோடு. என் வலி, மயக்கம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த அட்டையை மார்போடு வைத்துக்கொண்டு, "தங்கியிருக்குடி" என்றேன். அவளை முதல் தடவையாக 'டி' போட்டுக் கூப்பிட்டது அப்போதுதான். அவள் சிரிக்கவில்லை.

"எங்க தங்கியிருக்குன்னு பாக்கணும்க்கா" என்றாள்.

அந்த நிமிஷம் அவளை வெறுத்தேன். இதில் மழுப்ப ஒன்றுமில்லை. என் சந்தோஷத்துக்கு நாலு நிமிஷம்தான் ஆயுசு. அதையும் அவள் முழுசாக விடவில்லை.

ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாக இருந்தது. இடது குழாய்ப் பக்கம் கட்டியாக ஏதோ, வயிற்றுக்குள் ரத்தம். குழாய் வெடித்துவிட்டது. உள்ளே கசிந்த ரத்தம் மேலே போய் உறுத்துவதைத்தான் தோள் வலி என்று நான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா ஒரு வார்த்தை வீணாக்கவில்லை. "ஊசிக்கெல்லாம் டைம் தாண்டிடுச்சும்மா. இப்பவே ஆபரேஷன். அந்தக் குழாயை எடுத்துடணும். நீங்க நல்லாயிடுவீங்க" என்றார். ரத்தம் ஏற்பாடு செய்ய ஆள் ஓடினார்கள். என் கையில் பேனா கொடுத்தார்கள். நான் தினமும் மற்றவர்களிடம் நீட்டுகிற அதே சம்மதக் காகிதம்.

வீட்டுக்காரருக்கு அவள்தான் போன் போட்டாள். அவர் அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. "எங்க இருக்கா அவ? எங்க இருக்கா?"

"எங்கிட்ட இருக்காங்க அண்ணா. ஆபரேஷன் தேட்டர் வாசல்ல, என் கையப் புடிச்சினு இருக்காங்க. நீங்க எங்க இருக்கீங்க? மாரத்தஹள்ளியா? ஆட்டோல ஏறுங்க, பைக் ஓட்டாதீங்க. டாக்டர் ஆரம்பிச்சிடுவாங்க, உங்களுக்காக வெயிட் பண்ண மாட்டோம். நீங்க வந்து சேரும்போது இவங்க வார்டுல இருப்பாங்க. ரெண்டாவது மாடி, ஜன்னல் பக்கம்." அவர் ரெண்டாவது மாடிக்கு வந்தபோது நான் ஜன்னல் பக்கம்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள் அவளைப் பிடித்துக்கொண்டேன். ட்ரிப்பைக் கழற்ற வந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். அங்க இருந்தத எடுத்து உள்ள வெச்சிருக்கக் கூடாதா?"

படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தாள். "முடியாதுக்கா. இங்கன்னு இல்ல, எந்தப் பெரிய ஆஸ்பத்திரி போனாலும் முடியாது. வேர் புடிச்சி ஒட்டுன எடத்துலருந்து பேத்து எடுத்துட்டா அவ்ளோதான், வேற எடத்துல ஒட்டாது. யாராலயும் முடியாது."

"நீ கேக்காம இருந்திருந்தா..."

"கேக்காம இருந்திருந்தா நீங்க இப்ப என்னைத் திட்டினு இருக்க மாட்டீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் போட்ட வயிறு வலித்தது. அதோடு அழுகையும் சேர்ந்துகொண்டது. சொந்தக்காரர்கள் வந்து, பப்பாளி சாப்பிட்டாயா, பஸ்ஸில் நின்றாயா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தி, அது குழந்தையே இல்லை, வெறும் கட்டி, அதற்குப்போய் அழுவார்களா என்றாள். எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன்.

"நீங்க தின்னதால இல்ல, நின்னதால இல்ல. உங்க மேல தப்பில்லக்கா. அது மேலயும் தப்பில்ல. அது இருந்துச்சு. எடம்தான் தப்பு" என்றாள். ட்ரிப்பைக் கழற்றிப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "ஒரு குழாய் போச்சு. இன்னொண்ணு நல்லாருக்குன்னு மேடம் கண்ணால பாத்திருக்காங்க. ஆனா அடுத்த தடவை நாள் தள்ளுனா, உங்க வீட்டுக்காரருக்குச் சொல்றதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லணும். ஒரு தடவை இப்பிடி ஆனவங்களுக்கு மறுபடி ஆக மத்தவங்களவிட சான்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி. பயமுறுத்தலக்கா. சீக்கிரமாவே பாத்துடலாம்ன்றேன்."

'அது இருந்துச்சு' என்று என்னிடம் சொன்னவள் அவள் ஒருத்திதான். அந்த வார்த்தைக்காக அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பதினாலு மாதம் கழித்து நாள் தள்ளியது. சொன்னபடி முதலில் அவளிடம்தான் போனேன். கவுண்டரிலிருந்து எழுந்து, ஸ்கேன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "குளிக்கல" என்றேன். அட்டையை நீட்டினேன். இரண்டு கோடு. இந்தத் தடவை 'தங்கியிருக்கு' என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை.  அவள் காலண்டரில் விரல் வைத்து நாள் எண்ணி, அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னாள். அவளுக்கு வெளிநாட்டு வேலை வந்துவிட்டிருந்தது. இன்னும் மூன்று வாரம்தான் எங்களோடு இருப்பாள்.

வியாழக்கிழமை அந்தக் கட்டிலில் படுத்தேன். திரை டாக்டரம்மா பக்கம் திரும்பியிருந்தது. உள்வழியாகப் பார்க்கிற ஸ்கேன். டாக்டரம்மா பேசவில்லை. அவர் எப்போதுமே முழுசாகப் பார்த்து முடிக்காமல் பேசமாட்டார், எனக்குத் தெரியும். என்னைக் கலக்கியது அவர் இல்லை, இவள். தலைமாட்டில் நின்றுகொண்டு திரையைப் பார்க்கிறாள். 'எங்க' என்று கேட்கவே இல்லை. ஊரெல்லாம் கேட்டவள், ஈஜிபுராப் பெண்ணிடமும் மாமியார்களிடமும் என் பசியிடமும் கேட்டவள், இன்றைக்குக் கேட்கமாட்டேன் என்கிறாள். கேளேன் என்று கத்தவேண்டும்போல இருந்தது. என்னால் கேட்க முடியவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். 

அவள் குனிந்தாள். என் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அட்ரஸ் கரெக்ட்டுக்கா."

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் விளங்கியது. கண்ணீர் காதுக்குள் ஓடியது. கூடவே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நகபேடி, நகபேடி, சிரிச்சா பிக்சர் ஆடுதும்மா" என்று அதட்டினார்.

"எப்போலருந்துடி தெரியும்?" என்றேன்.

"நீங்க பேரு வெச்ச அன்னிக்கே" என்றாள். "கதவு சாத்தியிருந்தாலும் உங்க கொரலு எங்க ரூமு வரைக்கும் கேக்கும்க்கா."